முதலில் தன் கையில்

கடிவாளத்தின் இரும்பைத் தன் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். மார்கழிக் காலை. கடிவாளம் புதிது, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். இரும்பைப் பற்களுக்கிடையே கிடத்தி, இரண்டு பக்க வாரையும் தானே மெல்ல இழுத்து, நாக்கில் அது எங்கே அழுந்துகிறது என்று கண்ணை மூடிக் கவனித்தார். பிறகு வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு என் சித்தப்பாவிடம், "ஜில்லுனு இருக்குது மொதலாளி. இப்பிடியே குடுத்தா வாயத் தொறக்காது," என்றார். இரும்பை அக்குளில் செருகிக்கொண்டு கொட்டாயைச் சுற்றி நடந்தார். அது அவருடைய உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் குதிரையிடம் போனார்.

சித்தப்பா திண்டிவனத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடுகிறவர். விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்புக்காக நான் அவருடைய வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். விடுமுறை நாட்களில் சித்தி கொடுத்தனுப்பும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, புதுச்சேரி சாலையில் ஊர் முடியும் இடத்தில் இருந்த குதிரைக் கொட்டாய்க்குப் போவது என் வேலை. தகரக் கூரை, மூன்று குதிரைகள், பின்னால் யாரோ பயிரிட்ட நிலக்கடலை. அங்கே படிப்பதற்கு நல்ல அமைதி இருந்தது. நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்தக் குதிரைக்காரரும் என்னைப் பேச வைக்க முயன்றதில்லை.

அவர் கோட்டக்குப்பத்துக்காரர். பல ஆண்டுகள் துபாயில் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்த பிறகு பொம்மையார்பாளையம் கடற்கரை விடுதிகளில் தங்குகிறவர்களைக் குதிரையில் ஏற்றி மணலில் நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் சித்தப்பா அவரைக் குதிரை பழக்குவதற்கு அழைத்து வந்தார். எல்லோரும் பாய் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பெயரை எழுதாமல் விடுகிறேன். அவர் உயிரோடிருக்கிறார்.

தன் மேல் வைத்துப் பார்க்காத எதையும் அவர் குதிரையின் மேல் வைக்கமாட்டார். கொள்ளு வெந்ததா என்று கிள்ளிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அவர் ஒரு பிடி மென்று விழுங்குவார். வாளித் தண்ணீரைக் குனிந்து குடித்துப் பார்ப்பார். ஈ ஓட்டும் எண்ணெயை முதலில் தன் முழங்கையில் தடவிக்கொண்டு ஒரு பகல் பொழுது காத்திருப்பார். ஜிகினா வைத்துத் தைத்த ஊர்வலப் போர்வை வந்த அன்று சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நின்றார். தையல் உறுத்துகிறது, உள்ளே பருத்தித் துணி வைக்க வேண்டும் என்றார்.

"பாய், வர்ற முகூர்த்தத்துக்கு உன்னையே வாடகைக்கு வுட்டுடறேன்," என்றார் சித்தப்பா.

"மாப்ள எடைய மட்டும் பாத்து ஏத்து மொதலாளி. எனக்கு முட்டி வலி."

வெல்லத்தையும் அப்படியே செய்வார். குதிரைக்கு ஒரு துண்டு கொடுப்பதற்கு முன் அதில் பாதியைக் கடித்துத் தான் தின்பார். மண் கலந்த வெல்லம் இப்போது நிறைய வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவருடைய மனைவி ஒருமுறை கொட்டாய்க்கு வந்தபோது, டீயில் சர்க்கரை வேண்டாம் என்று பத்தியம் பேசுகிற மனிதர் குதிரையோடு பங்கு போட்டுக்கொண்டு வெல்லம் தின்பதைப் பார்த்து என்னிடம் முறையிட்டார். கோபத்தைவிட அலுப்புதான் அந்தப் பேச்சில் அதிகம். மாத்திரையையும் குதிரைக்குப் பாதி கொடுத்துவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது என்றார். பேசிக்கொண்டே கணவருடைய காலைப் பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. ஈர மண்ணில் எங்கோ அது கழன்றிருந்தது, பாய் அது தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் போய்த் தேடி எடுத்து வந்து கணவரின் காலடியில் போட்டார். அது வழக்கமாக நடப்பதுதான் என்பது அவர் போட்ட விதத்தில் தெரிந்தது.

சாட்டையை அவர் தொடமாட்டார். அதற்குக் காரணம் கேட்டபோது துபாயில் தன்னோடு வேலை செய்த ஒருவனைப் பற்றிச் சொன்னார். நல்ல மனிதன், குதிரைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவன். ஊரிலிருந்து போன் வந்து மனைவியோடு சண்டை போட்ட நாட்களில் மட்டும் அடிப்பான். அடி வாங்குவதற்குக் குதிரை அன்று எதுவும் செய்திருக்காது. "அவன் வூட்ல இன்னா சண்டன்னு குதிரைக்கு எப்பிடிம்மா தெரியும்? தான் தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சிக்கினு நிக்குது," என்றார். இதை அவர் சொன்னபோது நான் ஒரு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன்.

மல்லிகா என்பது வெள்ளைப் பெட்டைக் குதிரையின் பெயர். ஊர்வலங்களுக்கு எல்லோரும் கேட்பது வெள்ளைக் குதிரையைத்தான். ஒரு கல்யாணத்தில் மல்லிகா சரவெடிக்கு மிரண்டு பின்னங்காலை வீசியதில் மேளக்காரர் ஒருவரின் முழங்கால் உடைந்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவரால் பழையபடி நடக்க முடியவில்லை. சித்தப்பா மருத்துவமனைக்கும் அவருடைய வீட்டுக்கும் பலமுறை நடந்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் மல்லிகாவை விற்றுவிடுவேன் என்றார். உதைக்கும் குதிரையை ஒருவர் எதற்காக வாங்குவார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாய் அன்றைக்கு அதற்கு வெல்லம் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு மட்டும் இருந்தார்.

சித்தப்பா மின்பட்டை வாங்கியது அதற்குப் பிறகுதான். பெரிய நாய்களுக்கென்று விற்கப்படுவதை இணையத்தில் வாங்கி, வாரை நீட்டித் தைக்கச் செய்தார். கழுத்தில் கட்டும் பட்டை. அதன் உட்புறம் இரண்டு உலோக முனைகள். கையில் பிடிக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பீப் என்று ஓசை வரும். இன்னொன்றை அழுத்தினால் ஷாக். எவ்வளவு ஷாக் என்பதை ஒன்று முதல் பத்து வரை திருகி வைக்கலாம். குதிரை மிரளும்போது ஓசை, அடங்காவிட்டால் ஷாக். சில நாட்களில் ஓசைக்கே அடங்கிவிடும் என்பது சித்தப்பா கேள்விப்பட்டது.

பாய் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைக் கவர்ந்தது அந்த எண்கள். சாட்டையில் அடிப்பவனின் கோபம் சேர்ந்துவிடுகிறது, நம்பருக்குக் கோபம் வராது என்றார். இன்றைக்கு வைத்த அளவுதான் நாளைக்கும் இருக்கும், பிடித்திருப்பவன் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் அதேதான். அவர் சொன்னதில் எனக்கு அப்போது பிழை தெரியவில்லை. இப்போதும் அந்த வாதத்தில் பிழை இல்லை என்றே நினைக்கிறேன்.

வழக்கம்போல் முதலில் தன் மேல் பார்த்தார். இரண்டு முனைகளையும் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டார். அந்தக் கையில் இன்று சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை, அப்போது இருந்தன. இடது கையால் ஒன்றில் தொடங்கினார். முகத்தில் மாற்றமில்லை. இரண்டு, மூன்று. பட்டை வேலை செய்யவில்லையோ என்று சித்தப்பா கேட்டார். ஆறில்தான் பாயின் புருவம் லேசாக அசைந்தது.

"எறும்பு கடிச்சாப்ல இருக்குது. இது போதும். இதுக்கு மேல எவன் வெச்சாலும் அவன் மனுசன் இல்ல."

சித்தப்பாவையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். தான் என்ன குதிரையா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் நகர்ந்துவிட்டார். பாய் ரிமோட்டின் திருகை ஆறில் நிறுத்தி, யாரும் தவறிப்போய் ஏழுக்குத் திருப்பிவிடக் கூடாதென்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினார்.

மல்லிகா மாறியது. நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மாறியது. தகர டப்பாவைத் தட்டினால் மிரளவில்லை. பட்டாசு வெடித்துப் பார்த்தார்கள், நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதைப் போல நிற்கிறது என்று சித்தப்பா பெருமைப்பட்டார், விழுப்புரத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு ஒப்புக்கொண்டார். பாயும் மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சி, வெல்லத்தில் பெரிய பாதியை அதற்கு விட்டுக்கொடுத்ததில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது என் போனில் குறுஞ்செய்தி வந்து பீப் ஒலித்தது. மல்லிகா புல் மென்றுகொண்டிருந்தது. ஒலி கேட்டதும் மெல்லுவதை நிறுத்தியது. வாயில் புல் பாதி தொங்கியது. கண்ணோரத்தில் இரண்டு ஈக்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றை விரட்ட அது தலையை அசைக்கவில்லை, காதையும் அசைக்கவில்லை. நான் போனை எடுத்து ஓசையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்துத்தான் அது மறுபடி மென்றது. எழுந்து அருகில் போய்ப் பட்டை கட்டும் இடத்தைப் பார்த்தேன். வெள்ளை முடி உதிர்ந்து, உள்ளிருந்த கறுத்த தோல் இரண்டு பொட்டுகளாகத் தெரிந்தது.

பட்டையும் ரிமோட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பிளாஸ்திரியை விலக்கி, திருகை ஒன்றில் வைத்து, என் முன்னங்கையில் முனைகளை வைத்து ஷாக் பொத்தானை அழுத்தினேன். பிறகு இரண்டில். பட்டை என் கையிலிருந்து எகிறிக் கீழே விழுந்தது. கை தோள்வரை எனதில்லாதது போல் ஆகிவிட்டது. மூன்றை நான் பார்க்கவில்லை. திருகைப் பழையபடி ஆறுக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும் சொன்னேன். அவருக்கு முதலில் என் மேல்தான் அக்கறை வந்தது. எதற்கு அதையெல்லாம் தொடுகிறாய், உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்றார். பிறகு, பேனா பிடிக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு பட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடி அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"எறும்புதாம்மா."

அவருக்கு அருகில் ஆவி பறக்கும் டீ டம்ளர் இருந்தது. அதை விளிம்பில் பிடிக்காமல் முழுக் கையாலும் சுற்றிப் பிடித்து எடுத்துக் குடித்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். பல மாதங்களாக அப்படித்தான் அவர் டம்ளரைப் பிடிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவில் தெளிவாக வந்து நின்றது. செருப்பு கழன்றது தெரியாமல் நடந்த காலும் நினைவுக்கு வந்தது.

"பாய், குதிர அத கையில போட்டுக்கல. கழுத்துல போட்டுக்கினு இருக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, காதுக்குக் கீழே, மல்லிகாவுக்குக் கட்டும் அதே பக்கத்தில் முனைகளை வைத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்றோ ஒன்றில் தொடங்குங்கள் என்றோ சொல்வதற்குள் அழுத்திவிட்டார்.

குரல் எதுவும் எழவில்லை. ரிமோட் ஒரு பக்கம் போயிற்று. அவருடைய தாடை ஒருபுறமாக இழுத்துக்கொண்டு நின்று மெதுவாகத் திரும்பி வந்தது. புல்லுக்கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அழுகை இல்லை, கண் தானாகச் சொரிந்தது. மல்லிகா எங்கள் இருவரையும் பார்க்காமல் நின்றது.

"எத்தினி நாளா இத..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் நாயமாத்தாம்மா பாத்தேன்," என்றார். "ஆமாம் பாய்," என்றேன். அது உண்மை.

அதன் பிறகு அவர் எதையும் தன் மேல் வைத்துப் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரில் கைவிட்டுப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். கடிவாளத்தை என்னிடம் நீட்டி, சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார். வெல்லத்தை மட்டும் பாதி கடித்தார். நாக்கு இன்னும் வேலை செய்கிறது என்றார்.

சித்தப்பாவோடு நடந்த பேச்சை நான் கொட்டாயின் வாசலில் நின்று கேட்டேன். விழுப்புரம் ஊர்வலத்துக்குப் பட்டை கட்டமாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். சித்தப்பா கெட்டவர் அல்ல. அந்த மேளக்காரரின் வீட்டுக்குப் போய்வந்த கால்கள் அவருடையவை. எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், ஒன்றில் வைக்கலாம் என்று இறங்கி வந்தார். மாலைக்குள் மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார்.

"எனக்குத் தெரியும்ல மொதலாளி."

"பாய், கூட்டத்துல கொழந்தைங்க இருக்கும். ஒருத்தன் முட்டி போனது போதாதா? இன்னொரு வாட்டி ஒதச்சிதுன்னா பேஜாரு ஆயிடும். அப்புறம் அத நான் வெச்சிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"நானே தலப்பக்கமா புடிச்சிக்கினு வர்றேன். ஒதச்சா என்ன மொதல்ல மிதிச்சிட்டுத்தான் போவணும்."

"நீ நாயம் பேசுவ. அது வெடிச்சத்தத்துல நாயம் பாக்குமா?"

பாய் வாளியை எடுத்துக்கொண்டு மல்லிகாவிடம் போனார். பட்டை கட்டினால் மல்லிகா நிற்கும், குழந்தைகளுக்கு எதுவும் ஆகாது. அது மெல்லுவதை நிறுத்திவிட்டு நிற்கும். கட்டாவிட்டால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். இந்த இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஊர்வலத்தன்று கல்லூரி முடிந்ததும் புத்தகப் பையோடு நேரே மண்டபத்துக்குப் போனேன். விழுப்புரத்தில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வெயில் தாழ்ந்திருந்தது. மல்லிகாவின் கழுத்தில் மாலை மட்டும் இருந்தது. மேலே மாப்பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு சேணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாய் அதன் தலைப்பக்கம், வலது கையில் வெல்லத்தை மூடிவைத்துக்கொண்டு நடந்தார். சித்தப்பா பின்னால், குழந்தைகளைக் குதிரையிடமிருந்து விலக்கிக்கொண்டே வந்தார். மேளம் முன்னால் போயிற்று.

முதல் சரவெடி மண்டப வளைவுக்கு அருகே வெடித்தது. மல்லிகாவின் தலை வானத்துக்குப் போனது. பின்னங்கால்கள் ஒருமுறை தரையை விட்டன. மாப்பிள்ளை சேணத்தோடு ஒட்டிக் குனிந்தார். பெண்கள் ஒதுங்கினார்கள். பாய் நகரவில்லை. வலது கையை உயர்த்தி அதன் வாய்க்குக் கொண்டுபோனார். வெடி இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. மல்லிகா கையைப் பற்றிக்கொண்டது. அதன் பிறகு அது துள்ளவில்லை. வெடி முடியும்வரை, முடிந்த பிறகும், கையை விடாமல் அவரோடு நடந்தது. அவர் இடது கையால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டு வந்தார். குதிரைக்காரர் எவ்வளவு அன்பாக ஊட்டிவிடுகிறார் என்று என் பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மண்டபத்தின் பின்புறம், சமையல்கட்டுக்கு அருகே ஒரு குழாய் இருந்தது. நான் போனபோது மல்லிகாவை அங்கே கட்டியிருந்தார்கள். அதன் வெள்ளை முகவாய் சிவந்திருந்தது. பாய் பதறிப்போயிருந்தார். அவர் பதறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதன் உதட்டைப் புரட்டி ஈறைப் பார்த்தார், நாக்கை இழுத்துப் பக்கவாட்டில் பார்த்தார், கடிவாள இரும்பைத் தடவினார். தொட்ட இடமெல்லாம் இன்னும் சிவந்தது.

"வாயி கிழிஞ்சிருக்குதும்மா. எங்கன்னு தெரியல. கொஞ்சம் டார்ச் அடி, ஜல்தி."

போனில் விளக்கைப் போட்டேன். மல்லிகாவின் வாயில் காயம் எதுவும் இல்லை. வெளிச்சத்தை அதன் வாயிலிருந்து விலக்கி, அவருடைய வலது கைக்குக் கொண்டுவந்தேன்.

"அது உங்க ரத்தம் பாய்."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கடைசி இரண்டு விரல்களும் கடிபட்டு நசுங்கி, அவருடையவை போல இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதைப் போலச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல பாய். நல்லாப் பாத்துட்டேன்."

"அப்ப சரி," என்றார்.